பொங்கல் விடுமுறையில் ஓர் ஒத்திகை: மறதி நோய் கண்ட நம்மூர்ப் பெரியவர்களுக்காக

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

சங்க நிதியில் அடுத்து என்ன செய்யலாம் என்று செயலாளர் அண்ணன் கேட்டதற்கு நுழைவு வளைவு, நிழற்குடை, கண்காணிப்பு கேமரா எனப் பல யோசனைகள் வந்திருக்கின்றன. அதிகம் செலவு வைக்காத ஒன்றை நானும் சொல்கிறேன். டிமென்ஷியா என்னும் மறதி நோய் கண்ட பெரியவர்கள் தெருவில் அச்சமின்றி நடமாடுவதற்கு நாம் நம் ஊரைப் பழக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் ஜப்பானின் ஃபுகுவோகா மாகாணத்தில், தென்கோடியில், ஒமுத்தா என்றொரு நகரம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த அந்த ஊரில் 1997இல் சுரங்கம் மூடப்பட்டது. இளையவர்கள் வெளியேற, முதியவர்கள் மிஞ்சினார்கள். (சுரங்கத்தை எடுத்துவிட்டால் நம்மூர்க் கதைதான்.) அங்கே 2004இல் ஓர் ஒத்திகையைத் தொடங்கினார்கள். வழி தவறிய முதியவராக நடிப்பவர் தெருவில் இறங்கி நடப்பார். அவருடைய அடையாளங்கள் கடைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அனுப்பப்படும். கண்ணில் பட்டவர்கள் அருகில் சென்று பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆளை அடையாளம் காண்பதைவிட அந்த முதல் வார்த்தையைப் பேசத்தான் பலருக்கும் கூச்சம் என்பதால், உண்மையான பயிற்சி அதில்தான் இருக்கிறது.

மறதி நோய் கண்டவர்களுக்கு உதவுவதற்காக ஜப்பானில் 2005இல் தொடங்கிய நாடு தழுவிய ஆதரவாளர் பயிற்சியில் இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பங்கேற்றிருக்கிறார்கள். ஏறத்தாழ 90 நிமிட வகுப்புதான். திடுக்கிட வைக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், மானத்தைப் புண்படுத்தாதீர்கள் என்பவையே அதில் கற்றுத்தரும் மூன்று விதிகள். பின்னாலிருந்து கூப்பிடாமல் எதிரே வந்து, கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளாமல் ஒருவர் மட்டும், மெதுவாகப் பேச வேண்டும் என்கிறார்கள்.

குடும்பத்தாரே பார்த்துக்கொள்ளட்டும் என்போருக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2007இல் ஐச்சி மாகாணத்தில், 85 வயது மனைவி சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் வெளியேறிய, மறதி நோய் கண்ட 91 வயது முதியவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். தாமதத்தால் ஏற்பட்ட நட்டத்தைக் கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தின்மீது வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றங்கள் பணம் கட்டச் சொல்ல, 2016இல்தான் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. ஒரு வீட்டால் இரவும் பகலும் இமைக்காமல் காவல் இருக்க முடியாது.

நம்மூரில் அடையாளக் குறிப்பு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை; யார் வீட்டுப் பெரியவர் என்று எல்லோருக்கும் தெரியும். குறை வேறிடத்தில் இருக்கிறது. சென்ற விடுமுறையில் டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவரிடம், “தாத்தா, இன்னைக்கு என்ன கிழமை?” என்று பையன்கள் மாற்றி மாற்றிக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் யோசித்து, தவறாகச் சொல்லி, முகம் சுருங்கினார். கடைக்காரர் அவர்களை அதட்டிவிட்டு, அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்து, மருமகளுக்குப் போன் செய்தார். ஒமுத்தாவில் பயிற்சி கொடுத்துக் கற்பிப்பதை அந்த மனிதர் தாமாகவே செய்தார். அந்தப் பையன்களைக் குறை சொல்லும் நாமும், வீடியோ அழைப்பில் “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்றுதானே பேச்சைத் தொடங்குகிறோம்? அதுவும் பரீட்சைதான். பெயரையும் உறவையும் நாமே முதலில் சொல்லிவிட்டால் அவர்களுக்கு அந்தத் திணறல் இராது.

ஆகவே பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்க வேண்டுகிறேன். டீக்கடைக்காரர், மினி பஸ் நடத்துநர், ரேஷன் கடை ஊழியர், வங்கிக் காசாளர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆகியோரைப் பள்ளியில் கூட்டி அந்த மூன்று விதிகளைச் சொல்லி, மாலையில் ஓர் ஒத்திகையும் நடத்தலாம். பெரியவராக நடிக்க நம் நாடகக்குழு மாமா ஒருவரே போதும். அரசின் முதியோர் உதவி எண் 14567ஐ ஒவ்வொரு கடையிலும் ஒட்டலாம். வரக்கூடியவர்கள் தங்கள் பயணத் தேதியைத் தெரிவித்தால், தலைமையாசிரியரிடம் நானே பேசி நாள் குறிக்கிறேன்.