புதுப்பிப்பு: டிகோடரில் 5.1 சத்தம் வந்துவிட்டது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள வீட்டில் ஏவி பிராசசர் (படத்தையும் சத்தத்தையும் பிரித்து அனுப்பும் பெட்டி) வழியாக டிகோடர் (டிவி சேனல்களுக்கான செட்டாப் பாக்ஸ்) படம் நன்றாக வருகிறது, ஆனால் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஒளிபரப்பும் இரண்டு ஸ்பீக்கரில்தான் கேட்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கேபிளை மாற்றச் சொன்னார்கள் பலர். கேபிளில் குறையே இல்லை.

பிராசசரில் எந்தக் கருவிக்கு எந்த இணைப்பு என்று ஒதுக்கும் இன்புட் அசைன் பக்கத்தில் டிகோடருக்கு ஹெச்டிஎம்ஐ, ஆப்டிகல் (சத்தம் மட்டும் போகும் ஒளியிழை இணைப்பு) இரண்டும் ஒதுக்கப்பட்டிருந்தன. படம் ஹெச்டிஎம்ஐயில், சத்தம் ஆப்டிகலில். டிகோடரோ பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) அனுப்பிக்கொண்டிருந்தது; ஆப்டிகலில் பிசிஎம் இரண்டு சேனலுக்கு மேல் போகாது. டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கினால்தான் 5.1. ஆப்டிகல் ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, டிகோடரில் டால்பியைத் தேர்ந்ததும் பின் ஸ்பீக்கர்கள் பேச ஆரம்பித்தன. கிரிக்கெட் மைதானச் சத்தம் இப்போதுதான் மைதானம் மாதிரி இருக்கிறது!

டிவி ஆப்களுக்குத் தனி இன்புட் வைக்கவில்லை, டிவியின் சத்தத்தை ஹெச்டிஎம்ஐ வழியே பிராசசருக்குத் திருப்பி அனுப்பும் ஈஆர்க் போதும். பழைய ஆர்க் மட்டும் உள்ளவர்கள் ப்ளூரே பிளேயரை நேராகப் பிராசசரில் செருகுங்கள். ஆர்க்கில் ட்ரூஹெச்டி (டால்பியின் தரம் குறையாத ஒலி) வராது.

அப்புறம், லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்ததும் டிகோடர் தானாக இன்புட்டைப் பிடித்துக்கொள்ளும் தொல்லை. அது சிஇசி (ஹெச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) வேலை. டிகோடரில் மட்டும் அணைத்தேன். டிவியில் அணைத்தால் பல மாடல்களில் ஆர்க்கும் சேர்ந்து போய்விடும்.