டர்பனில் சிம் வாங்கியாகிவிட்டதா? அப்படியானால் இதையும் படித்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருபவர்கள் வீடு, பள்ளிக்கூடம், டிரைவிங் லைசென்ஸ் பற்றியெல்லாம் கேட்கிறார்கள், போன் தொல்லையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நமக்கு மட்டும்தான் இப்படி வருகிறது போல என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறோம். எல்லோருக்கும் வருகிறது.

பாஸ்போர்ட்டையும் வீட்டு முகவரிச் சான்றையும் காட்டி, சிம்மை நம் பெயரில் பதிவு செய்யும் ரிக்கா பதிவை முடித்து நான் வாங்கிய நம்பர், எனக்கு முன்னால் வேறொருவருடையது. ப்ரீபெய்டு நம்பரை மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் அது அடுத்தவர் கைக்குப் போய்விடும் என்பது அப்போது தெரியாது. அந்த மனிதர் எதையோ தவணையில் வாங்கிவிட்டுக் கட்டவில்லை, காலை எட்டு அடித்தால் வசூல்காரர்கள் ஒரு ஜூலு பெயரைச் சொல்லி நீங்கள்தானே என்பார்கள். நான் இல்லை என்றால், "அப்படியா, உங்கள் ஐடி நம்பரைச் சொல்லுங்கள், பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிறோம்" என்பார்கள். மூன்றாவது நாள் எரிச்சலில் பாஸ்போர்ட்டை எடுத்து நம்பரைப் படிக்கவே ஆரம்பித்துவிட்டேன். கேட் பக்கம் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார ஆன்ட்டி ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, "டிராப் த கால், மை பாய்!" என்று கத்தினார். நான்கு தலைமுறையாக டர்பன் இருக்கும் நட்டால் பகுதியில் வாழும் குடும்பம், ஆன்ட்டிக்குத் தெரிந்த தமிழ் கோயில் பாட்டும் "ஐயோ"வும்தான், ஆனால் போன் விஷயத்தில் எனக்கு அவர்தான் குரு.

அவர் சொல்லிக்கொடுத்தது இது: "இந்த நம்பர் கைமாறிவிட்டது, அவரை எனக்குத் தெரியாது" என்று ஒரே வாக்கியம், உடனே கட். பெயர், ஐடி, முகவரி எதுவும் கிடையாது. நம்மைப் பட்டியலில் இருந்து எடுக்க நம் ஐடி எதற்கு? வந்த நம்பர்களை பிளாக் செய்துகொண்டே இருந்தேன், இரண்டு மாதத்தில் ஓய்ந்தது.

அடுத்தது விற்பனைக் கால்கள். இறுதிச்சடங்குக் காப்பீடு, கடன், மொபைல் கான்ட்ராக்ட் என்று எதையாவது விற்பார்கள், குரலும் தேனாக இருக்கும். நம்ம ஆட்களுக்கு முகத்தில் அடித்தாற்போல் போனை வைக்க வராது, "ம்ம், சரி, சரி" என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அந்த "சரி"தான் ஆபத்து. உரையாடல் பதிவாகிறது, அதையே சம்மதம் என்று வைத்து, நம் வங்கிக் கணக்கில் இருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் டெபிட் ஆர்டர் போட்டுவிடலாம். "வேண்டாம், என் நம்பரை நீக்கிவிடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஞாயிறும் அரசு விடுமுறையும் விற்பனைக்காக வீட்டுக்கு போன் செய்யக் கூடாது, சனிக்கிழமை காலை 9 முதல் பகல் 1 வரைதான், மற்ற நாட்களில் இரவு 8க்கு மேல் காலை 8 வரை கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பிரெயானித் தட்டின் முன் உட்காரும்போது ஒருவர் பாலிசி விற்க அழைத்தால், அந்த நொடியே வைத்துவிடுங்கள், மரியாதை பார்க்க வேண்டியதில்லை. அசந்து எதையாவது வாங்கிவிட்டாலும், இப்படி அவர்களாக வந்து விற்றதை 5 வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்து ரத்து செய்யலாம். போப்பி என்று இங்கே எல்லோரும் சொல்லும் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையில் இருந்து முழுமையாக அமலில் இருக்கிறது, அதைக் கவனிக்கும் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் புகார் கொடுக்கலாம். "என் நம்பர் உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அவர்களே வைத்துவிடுவார்கள். ஆனால் இதெல்லாம் முகவரி உள்ள கம்பெனிகளுக்குத்தான், திருடனுக்குச் சட்டம் எதற்கு.

திருடர்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று: அவர்கள் அழைத்த காலில் எதையும் முடிக்காதீர்கள். "வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில் இருந்து பேசுகிறோம், உங்கள் பணம் இப்போதே போய்க்கொண்டிருக்கிறது, வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லுங்கள், ஆப்பில் ஓகே அழுத்துங்கள்" என்பார்கள். திரையில் வங்கியின் நம்பரே தெரிந்தாலும் நம்பாதீர்கள், அதைப் போலியாகக் காட்ட முடியும். வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு நீங்களே அடியுங்கள். டெபிசெக் என்று வங்கியின் பெயரில் ஒப்புதல் கேட்டு வரும் செய்தியும் அப்படித்தான், அதற்கு ஓகே சொல்வது டெபிட் ஆர்டருக்கு நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். கணக்கில் 99 ராண்ட் மாதிரிச் சின்னத் தொகை தெரியாத பெயரில் போகிறதா என்று பாருங்கள், கண்ணில் படாது என்றுதான் அவ்வளவு எடுக்கிறார்கள்.

என் மனைவிக்கு வந்தது வேறு ரகம். வாட்ஸ்அப்பில் இந்தியில் ஒருவன், தூதரகம் என்றான், உங்கள் பாஸ்போர்ட் வழக்கில் சிக்கியிருக்கிறது, வீடியோவை அணைக்காமல் அறைக்குள்ளேயே உட்காருங்கள், கணவரிடமும் சொல்லக் கூடாது என்றான். ஊரில் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று நடந்ததுதான் இது, அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. விசா பயம் இருப்பவர்களை இது சுலபமாகப் பிடிக்கும். அவளுக்கு இந்தி அரைகுறை, "கியா? கியா?" என்று கேட்டே அவனைக் களைப்படைய வைத்துவிட்டாள்.

வீட்டில் நான் செய்திருப்பது: அம்மாவின் போனில் தெரியாத நம்பர்கள் ஒலிக்காதபடி அமைத்திருக்கிறேன். என் போனில் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன், கூரியர்காரரும் பள்ளிக்கூடமும் தெரியாத நம்பரில் இருந்துதானே கூப்பிடுவார்கள். மாலில் கார் பரிசு என்று சீட்டு எழுதச் சொன்னால் எழுதுவதில்லை, கடைக் கார்டுகளுக்கு ஒரு பழைய சிம்மின் நம்பர். இந்த நாட்டுக் குறியீடான +27 இல்லாத ஏதோ நாட்டு நம்பரில் இருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றால் திருப்பி அழைப்பதில்லை, காசு போகும். தெரியாத எஸ்எம்எஸ்ஸுக்கு "ஸ்டாப்" என்றுகூடப் பதில் போடாதீர்கள், நம்பர் உயிரோடு இருக்கிறது என்று நாமே சொல்வதாகிவிடும்.

பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் சிக்னல் இருந்து உங்கள் போனில் மட்டும் திடீரென்று இல்லாமல் போனால், ரீஸ்டார்ட் செய்துகொண்டு உட்காராதீர்கள். யாரோ உங்கள் நம்பரை வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம். வேறு போனில் முதலில் வங்கி, அப்புறம் மொபைல் கம்பெனி. பணம் போயிருந்தால் அன்றே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்து, கேஸ் நம்பரைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், பிறகு எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.