புதுப்பிப்பு: எக்ஸ்டர்னல் டிரைவில் 'ரைட் புரொடெக்டட்', டிஸ்க்பார்ட்டுக்கும் அடங்காதபோது

டிரைவில் எதையும் எழுத முடியாமல் 'ரைட் புரொடெக்டட்' (எழுதத் தடை) என்ற பிழை வந்தால், முன்பு சொன்ன வழி: விண்டோஸ் டிஸ்க்பார்ட்டில் (டிஸ்க்குகளைக் கையாளும் கட்டளைக் கருவி) டிரைவைத் தேர்ந்தெடுத்து 'அட்ரிப்யூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' என்று அடித்து, 'படிக்க மட்டும்' என்ற பூட்டை நீக்குவது. அதில் தீராதவர்களுக்கு இது. கூடவே ஒரு திருத்தம்: அடுத்த படியாக ஃபார்மட் (டிரைவை அழித்துப் புதிதாக்குவது) என்று எழுதியிருந்தேன், அது அவசரப்பட்டுச் சொன்னது.

முதலில் டிஸ்க்பார்ட்டில் வெறும் 'அட்ரிப்யூட்ஸ் டிஸ்க்' அடியுங்கள். 'கரன்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்' யெஸ் என்றும், கீழே 'ரீட்-ஒன்லி' நோ என்றும் வந்தால், பூட்டு வேறெங்கோ இருக்கிறது. டிரைவின் பக்கவாட்டில் பூட்டும் சுவிட்ச் இருந்தால் பாருங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல் அடியில் 'ஸ்டோரேஜ்டிவைஸ்பாலிசிஸ்' இருந்தால், 'ரைட்புரொடெக்ட்' மதிப்பை 1-லிருந்து 0 ஆக்கி, டிரைவைக் கழற்றி மாட்டுங்கள். அலுவலகக் கணினி என்றால் குரூப் பாலிசியே (அலுவலகம் மொத்தமாக வைக்கும் கட்டுப்பாடு) தடுத்திருக்கலாம். இன்னொரு கணினியில் மாட்டினால், தடை கணினியிலா டிரைவிலா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லாக் கணினியிலும் அதே பிழையா? பென்டிரைவ், எஸ்எஸ்டி வகையில், ஃபிளாஷ் (தகவலைச் சேமிக்கும் சிப்) தேய்ந்ததும் கன்ட்ரோலரே (டிரைவை இயக்கும் சிப்) எழுதுவதை நிறுத்திவிடுவதுண்டு. எந்தக் கட்டளையும் அதைத் திறக்காது. படிக்க முடியும்போதே நகலெடுத்துவிடுங்கள்.

மேக்கில் மட்டும் எழுதவில்லை, டிரைவ் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபார்மட் முறை) என்றால் பழுதே இல்லை. மேக் அதைப் படிக்க மட்டுமே செய்யும். லினக்ஸில் மட்டும் அப்படியானால், விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை (வேகமாகத் தொடங்க, கணினியை முழுதாக அணைக்காமல் விடும் வசதி) அணைத்து, முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.