திரில்லர் நடனம் யாருடையது?

கேசட்காலம்: மைக்கேல் ஜாக்சனின் 1983 பாடல் வீடியோ 'திரில்லர்' பற்றி நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "திரில்லரில் பிணங்கள் ஆடும் நடனம் இயக்குநர் ஜான் லாண்டிஸின் படைப்பு. மைக்கேல் ஜாக்சன் சொன்னபடி ஆடினார்." படித்ததும் காபி புரையேறிவிட்டது. நடனம் அமைத்தவர் மைக்கேல் பீட்டர்ஸ், கூடவே ஜாக்சன்.

ரீல்பெட்டி: அந்த மேதாவி நான்தான், சார். 1981இல் லாண்டிஸ் எடுத்த ஓநாய் மனிதன் படத்தைப் பார்த்துவிட்டுத்தானே ஜாக்சன் அவரைக் கூப்பிட்டார்? பேய் ஒப்பனை போட்ட ரிக் பேக்கர் அதே படத்து ஆள். சிவப்பு ஜாக்கெட்டை வடிவமைத்தவர் லாண்டிஸின் மனைவி. ஏறக்குறைய 14 நிமிடப் படம் அது.

கேசட்காலம்: ஜாக்கெட்டா ஆடியது? நடனம் பீட்டர்ஸ்.

ரீல்பெட்டி: காமிராவை எங்கே வைப்பது என்று பீட்டர்ஸா சொன்னார்?

கேசட்காலம்: அதே 1983இல் ஜாக்சனின் 'பீட் இட்' வீடியோ வந்தது. இயக்கியவர் பாப் ஜிரால்டி. அதிலும் கும்பல் நடனம், அதிலும் பீட்டர்ஸ். வெள்ளை உடையில் ஒரு கும்பல் தலைவனாக ஆடுவதே அவர்தான். இயக்குநர் மாறினார், நடன மாஸ்டர் மாறவில்லை. புரிகிறதா, தம்பி?

ரீல்பெட்டி: தம்பி என்று கூப்பிடாதீர்கள். போன வருஷம் 'பில்லி ஜீன்' படத்தையும் ஜிரால்டி தலையில் கட்டியவர் நீங்கள். அது ஸ்டீவ் பேரன்.

கேசட்காலம்: அன்றைக்கே திருத்திவிட்டேன். 'லைக் எ பிரேயர்' டேவிட் ஃபிஞ்சர் எடுத்தது என்று மடோனா ரசிகர்களிடம் அடம்பிடித்தது யார்? மேரி லாம்பர்ட் எடுத்தது அது.

வேப்பமரத்தடி: காதலனில் பிரபுதேவா ஆடியதை ஷங்கர் ஆடியதாகவா சொல்கிறோம்?

ரீல்பெட்டி: பிரபுதேவாவை ஏன் இழுக்கிறீர்கள்? 1987இல் ஜாக்சனின் 'பேட்' வீடியோவை எடுத்தவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. புரூக்ளின் சுரங்க ரயில் நிலையத்தில் எடுத்தது. கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருக்கும் படம் ஆட்டம் தொடங்கும்போது வண்ணத்துக்கு மாறுமே, அது நடன மாஸ்டர் வேலையா?

கேசட்காலம்: நான் கேட்டது திரில்லர்.

வேப்பமரத்தடி: 'பேட்'டில் பீட்டர்ஸ் இல்லை. அதனால் கேசட்டுக்கு ஆகாது.

கேசட்காலம்: எனக்கு ஆகாது என்று யார் சொன்னது? சரி, திரில்லருக்கு வாருங்கள். நடனம் பீட்டர்ஸ்.

ரீல்பெட்டி: முதலில் தம்பி என்றதற்கு மன்னிப்பு கேளுங்கள், அப்புறம் பேசலாம்.