மைனஸ் குறியைத் தூக்கிச் சூத்திரத்துக்குள்ளே போட்டதால் வந்த வினை

அம்பைக்காரி:
பிளஸ் டூ இயற்பியலில் முதல் பாடமே நிலைமின்னியல்தானே, ஓடாமல் நிற்கும் மின்னூட்டங்களைப் பற்றியது. இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலூம் விதி ஒரே வரி (இரண்டையும் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்கினால் விசை), பார்க்க ஈர்ப்பு விதி மாதிரியே இருக்கும், நிறை இருந்த இடத்தில் மின்னூட்டம், மாறிலி 9 × 10⁹, இதில் என்ன கஷ்டம் என்று இருந்துவிட்டேன். காலாண்டுத் தேர்வில் வந்தது இதுதான்: ஒரே மாதிரி இரண்டு உலோகக் கோளங்கள், ஒன்றில் +5 மைக்ரோகூலூம் (மின்னூட்ட அலகான கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), மற்றதில் −3, இடைவெளி 30 செ.மீ. விசை எவ்வளவு? இரண்டையும் தொடவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்தால் எவ்வளவு?

நான் −3 என்பதை அப்படியே போட்டேன், விடை மைனஸில் வந்தது. எதிரெதிர் மின்னூட்டம் ஆச்சே என்று அம்புக்குறியையும் ஒரு தடவை திருப்பினேன். ஆக இழுக்க வேண்டியது தள்ளியது! போதாததற்கு 30-ஐ மீட்டராக்கவும் மறந்தாச்சு; தூரம் வர்க்கத்தில் இருப்பதால் 1.5 நியூட்டன் வர வேண்டியது 0.00015 ஆகிவிட்டது.

பாளையங்கோட்டை டியூஷன் அண்ணன் தாளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, குறியச் சூத்திரத்துக்குள்ள விடாத. மொதல்ல படம் போடு, எது எத இழுக்குன்னு அம்பு போடு, பொறவு எண்ண மட்டும் வச்சுப் பெருக்கு."

இரண்டாம் பாதி அப்புறம்தான் புரிந்தது. தொட்டால் மொத்தம் +2, ஆளுக்குப் பாதி, +1. இப்போது 0.1 நியூட்டன்தான், அதுவும் விலக்கு விசை. இழுத்துக்கொண்டு கிடந்த இரண்டும் ஒரு தடவை தொட்டதும் தள்ளிக்கொள்கின்றன, எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

தென்காசி மழை:
கணக்காவது பரவாயில்லை, எங்கள் வகுப்பில் சோதனையே நடக்கவில்லை. ஆடி மாதம், வெளியே சாரல். சார் சீப்பால் என் தலையை வாரிக் காகிதத் துண்டுகள் மேல் நீட்டினார், ஒன்றுகூட எழும்பவில்லை. ஈரக் காற்றில் மின்னூட்டம் கசிந்து போய்விடும், அதற்கு மேல் அம்மா காலையில் தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெய் வேறு. 1785-இல் முறுக்குத் தராசை (கம்பி எவ்வளவு முறுக்குகிறது என்பதை வைத்துச் சிறிய விசையை அளக்கும் கருவி) வைத்து அளந்த கூலூம் குற்றாலத்துச் சீசனில் உட்கார்ந்து அளந்திருந்தால் விதியே கிடைத்திருக்காது என்று சார் சிரித்துச் சமாளித்தார்.

வள்ளியூர் அண்ணாச்சி:
நம்ம கதை முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலையிலும் ஒரே மின்னூட்டம், ஒன்றின் மேல் மொத்த விசை என்ன? இரண்டு பேர் தள்ளுகிறார்கள், அப்போ இரண்டு மடங்கு என்று யோசிக்காமல் கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன். இரண்டு விசைக்கும் நடுவில் 60 டிகிரி இருக்கே, ரூட் 3 மடங்கு, அதாவது 1.732 மடங்குதான் வரும். அம்பைக்காரி சொன்ன மாதிரி அம்பு போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இதில் கொடுமை, கொடுத்திருந்த நாலு விடையில் 'இரண்டு மடங்கு' முதல் ஆளாக நின்றது. கேள்வி எடுத்தவருக்கு நம்மளை நல்லாவே தெரிஞ்சிருக்குவே.