முதல் கிளப் இரவு: பாட்டு வரிசையை எழுதி வைத்துக்கொண்டு ஏறலாமா?

புது_கன்சோல்:
வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டல் கிளப்பில் இரவு 9 முதல் 10 வரை எனக்கு முதல் வாய்ப்பு. எனக்கு அப்புறம் ஏறுபவர் அங்கேயே வாராவாரம் போடும் ரெசிடென்ட் டிஜே. நான் வீட்டில் கணினியோடு இணைத்து இயக்கும் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கன்ட்ரோலரில் பழகியவன். அங்கே இருப்பது பென்டிரைவிலிருந்து பாட்டை ஓட்டும் இரண்டு சிடிஜே-2000 நெக்சஸ்2 பிளேயர், அவற்றின் சத்தத்தைக் கலக்கும் ஒரு டிஜேஎம்-900 மிக்சர். 18 பாட்டு எடுத்து, எது எந்த இடத்தில் நுழையணும், எங்கே வெளியேறணும் என்று வரிசை போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். கடைசி இருபது நிமிஷம் முழுக்கக் குத்து. என் நண்பர்களும் வருகிறார்கள். இது சரிதானே?

பழைய_ஊசி:
சரியில்லை தம்பி. 9 மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்? பாரில் நாலு பேர், மூலை மேஜையில் ஒரு ஆபீஸ் கும்பல், அப்புறம் ஊழியர்கள். அவர்கள் முகத்தையே பார்க்காமல் அவர்களுக்கான 18 பாட்டையும் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். ஆறாவது பாட்டுக்கு ஒருவர் எழுந்து வந்து ஆடினால், ஏழாவது எது என்பதை அவர்தான் சொல்வார். உங்கள் நோட்டு சொல்லாது. நியூயார்க் பாரடைஸ் கராஜ் கிளப்பில் 1977 முதல் 1987 வரை லாரி லெவன் என்ற டிஜே விடிய விடியப் போட்டதெல்லாம் கூட்டத்தைப் பார்த்துப் போட்டதுதான். வரிசைப்படி ஓடணும் என்றால் பென்டிரைவை மட்டும் ஆட்டோவில் அனுப்பினால் போதுமே, நீங்கள் எதற்கு?

கோவை_128:
லாரி லெவன் பத்து வருஷம் ஒரே கிளப்பில் இருந்தவர் ஐயா. அந்தக் கூட்டமும் தெரியும், அந்த ஸ்பீக்கரும் தெரியும். இந்த ப்ரோ அந்த மேடையைப் பார்த்ததே இல்லை. முதல் நாள் கை நடுங்கும். நடுங்குகிற கையோடு இரண்டாயிரம் பாட்டுக்குள் தேடிக்கொண்டு நின்றால் ஓடுகிற பாட்டு முடிந்து போகும். அந்த மூன்று விநாடி மௌனத்தை யாரும் மறக்க மாட்டார்கள். கூட்டத்தைப் பார், கூட்டத்தைப் பார் என்கிறீர்கள். அடுத்தது என்ன என்று மனசுக்குத் தெரிந்தவனால்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே முடியும்.

குத்து விஷயத்திலும் ப்ரோ பக்கம்தான் நான். பெர்லின் பெர்கைன் மாதிரி சனி நள்ளிரவில் தொடங்கித் திங்கள் காலை வரை ஓடும் இடத்தில் மூணு மணி நேரம் மெதுவாகச் சூடேற்றலாம். சென்னையில் கிளப் என்பது பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டலின் பார் உரிமத்தில் ஓடுவது. இரவே சின்னது. அதில் ஒரு மணி நேரத்தை டிக் டிக் என்று ஓட்டிவிட்டு இறங்கினால் மேனேஜர் அடுத்த முறை கூப்பிட மாட்டார்.

லேட்நைட்_ரெசிடென்ட்:
அந்த 10 மணிக்கு ஏறுகிற ஆள் இடத்தில் பல வருஷமாக நிற்பவள் என்பதால் சொல்கிறேன். மேனேஜர் பார்ப்பது ஆட்டத்தை இல்லை, பில்லை. ஆடுகிறவர் கையில் கிளாஸ் இருக்காது. 9 மணி ஆளிடம் அவர் எதிர்பார்ப்பது, உள்ளே வந்தவர்கள் திரும்பிப் போகாமல், பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசிக்கொண்டு இரண்டாவது டிரிங்க் சொல்வது. 9:40க்குக் குத்தைப் போட்டால் உங்கள் நண்பர்கள் ஆடுவார்கள், நிச்சயம். 10:10க்கு வியர்த்துப்போய் உட்கார்ந்து சிக்கன் 65 சொல்வார்கள். காலி ஃப்ளோர் என் தலையில் விடியும். நான் 124 பிபிஎம் (நிமிஷத்துக்கு 124 அடி) வேகத்தில், நாலு நாலாகச் சீராக அடிக்கும் ஹவுஸ் இசையில் தொடங்க நினைத்திருந்தால், குத்தின் 6/8 தாளத்தில் குதித்துக்கொண்டிருந்த கூட்டத்தை எப்படித் திருப்புவது? நிறுத்திவிட்டு முதலிலிருந்துதான் கட்டணும்.

118 பிபிஎம்-இல் தொடங்குங்கள், 122-ஐத் தாண்டாதீர்கள். தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. மெதுவான தமிழ்ப் பாட்டுகளின் ஹவுஸ் ரீமிக்ஸ் ஏராளமாக இருக்கின்றன.

கோவை_128:
மேடம், தப்பாக நினைக்க வேண்டாம். இது ரெசிடென்ட்கள் தங்கள் கோட்டையைக் காப்பாற்றச் சொல்கிற சட்டம் மாதிரி இருக்கிறது. தொடக்க ஆள் நன்றாகப் போட்டுவிட்டால் ஆபத்து, அதனால் 122-க்கு மேல் போகாதே!

லேட்நைட்_ரெசிடென்ட்:
122-க்குள் ஒரு அறையைத் தலையாட்ட வைப்பவரைத்தான் நாங்கள் அடுத்த மாதத்துக்கும் சிபாரிசு செய்கிறோம். 128-இல் யார் வேண்டுமானாலும் குதிக்க வைக்கலாம். கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. ஒரு கேள்வி: புது_கன்சோல், எதுவரை போகலாம் என்று அந்த ரெசிடென்டையே கேட்டீர்களா?

மிக்சர்_பொட்டலம்:
நீங்கள் சண்டையைத் தொடருங்கள். அதற்குள் தம்பி பென்டிரைவைப் பார்க்கட்டும்.

ஃபார்மட் ஃபேட்32 ஆக இருக்கணும். விண்டோஸ் கணினியில் என்டிஎஃப்எஸ் ஆக வைத்திருந்தால் சிடிஜே அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. பாட்டுகளை வெறுமனே காப்பி பேஸ்ட் செய்யாமல் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்போதுதான் பாட்டு எங்கே தொடங்கணும் என்று நீங்கள் வைத்த கியூ புள்ளிகளும், ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறது என்று காட்டும் பீட்கிரிட்டும், பிளேலிஸ்ட்டும் அங்கே வரும். அதே சரக்கோடு இன்னொரு பென்டிரைவ் சட்டைப் பையில் இருக்கட்டும். இரண்டு சிடிஜேவையும் லேன் கேபிளில் இணைத்திருந்தால் ஒரு பென்டிரைவ் இரண்டுக்கும் போதும். இணைத்திருக்கிறார்களா என்பது அங்கே போனால்தான் தெரியும், அதனால் இரண்டாவது பென்டிரைவ் ஆடம்பரம் இல்லை.

ஸ்ட்ரீமிங் கணக்கை வைத்து வீட்டில் பழகியிருந்தால் இப்போதே விழித்துக்கொள்ளுங்கள், அந்தப் பாட்டுகள் பென்டிரைவில் ஏறாது. யூடியூபிலிருந்து உருவியதை உயர்தர 320 எம்பி3 ஆக மாற்றினாலும் போன சத்தம் திரும்பாது. வீட்டு ஹெட்போனில் தெரியாத கரகரப்பு அந்தப் பெரிய ஸ்பீக்கரில் டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டுச் சத்தத்தில் அப்படியே தெரியும். வாங்குங்கள். ஹவுஸ் என்றால் பீட்போர்ட், பேண்ட்கேம்ப் தளங்கள். சினிமாப் பாட்டுக்கு ஐட்யூன்ஸ் ஸ்டோரின் 256 ஏஏசி ஃபைல் போதும், சிடிஜே அதைப் படிக்கும். தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் ஃபைல் வைத்திருந்தால் யோசியுங்கள். நெக்சஸ்2 படிக்கும், அதற்கு முந்தைய நெக்சஸ் படிக்காது. கிளப்காரர் போனில் சொன்ன மாடலை நம்பி நான் எதையும் எடுத்துப் போக மாட்டேன்.

கை பழகுவது தனிக் கதை. பாட்டின் வேகத்தை மாற்றும் டெம்போ ஸ்லைடர் உங்கள் எஃப்எல்எக்ஸ்4-இல் குட்டி, சிடிஜேயில் நீளம். அதே அளவு நகர்த்தினால் அதே மாற்றம் வராது. ஏறியவுடன் டெம்போ ரேஞ்ச் 6 சதவீதத்தில் இருக்கிறதா 16-இல் இருக்கிறதா என்று பாருங்கள், நேற்று போட்டவர் மாற்றிவிட்டுப் போயிருப்பார். வெள்ளிக்குள் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஸ்டுடியோ ஒன்றில் சிடிஜேயைத் தொட்டுவிடுங்கள். முடியாவிட்டால் வெள்ளி மாலை 7 மணிக்கே கிளப்புக்குப் போய் சவுண்ட் இன்ஜினியரிடம் அண்ணா என்று பணிவாகக் கேட்டு அரை மணி நேரம் வாங்குங்கள்.

மிக்சரில் சிவப்பு விளக்கு எரியவே கூடாது. சத்தம் போதவில்லை என்றால் இன்ஜினியரிடம் சொல்லணும், மிக்சரில் சத்தத்தை ஏற்றும் ட்ரிம் குமிழைத் திருகக் கூடாது.

பழைய_ஊசி:
நல்ல பதிவு. கூடவே ஒன்று: இரண்டு பாட்டின் தாளத்தையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனை அணைத்துப் பழகுங்கள்.

கோவை_128:
வந்துவிட்டதா! 2012-இல் நெக்சஸ் வந்தபோதே சிடிஜேயில் சிங்க் வந்துவிட்டது. இன்னும் காதால் சேர்த்தால்தான் டிஜே என்றால், லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி.

மிக்சர்_பொட்டலம்:
பீட்கிரிட் சரியாக இருக்கும்வரை சிங்க் நல்லது. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகள் பலவற்றில் ஆட்கள் உட்கார்ந்து வாசித்த தாளம், வேகம் கொஞ்சம் ஏறும் இறங்கும். குத்தில் 6/8 வந்தால் மென்பொருள் குழம்பி பிபிஎம்-ஐ ஒன்றரை மடங்காகக் காட்டுவதும் உண்டு. தவறான கிரிட்டில் சிங்க் அழுத்தினால் இரண்டு பாட்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். அப்போது காதுதான் கை கொடுக்கணும். அதனால் சிங்க்கை வைத்துக்கொள்ளுங்கள், பழகும்போது மட்டும் பாதி நேரம் அணைத்து வையுங்கள். கிரிட்டை வீட்டிலேயே ஒவ்வொரு பாட்டாகத் திருத்துங்கள்.

காதைப் பற்றிப் பேசியதால்: 100 டெசிபலில் ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்க நியோஷ் அமைப்பின் கணக்கு. பூத் மானிட்டரை, அதாவது டிஜே கேட்பதற்காகப் பக்கத்தில் வைத்த ஸ்பீக்கரை, தேவையில்லாமல் ஏற்றாதீர்கள். இசைக்காரர்கள் போடும் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

புது_கன்சோல்:
எல்லோருக்கும் நன்றி. ரெசிடென்ட் அண்ணாவிடம் பேசினேன். 123-இல் ஒரு பாட்டோடு ஏறுவாராம், நான் அதற்குக் கீழே முடித்தால் போதுமாம். குத்து பற்றி லேட்நைட் அக்கா சொன்னதையேதான் சொன்னார், கொஞ்சம் கடுமையாக. ஆனால் வரிசையை முழுசாக விட எனக்குத் தைரியம் இல்லை. முதல் நாலு பாட்டு அப்படியே இருக்கட்டும். மீதியை மூன்று பிளேலிஸ்ட்டாகப் பிரித்திருக்கிறேன்: யாரும் ஆடாவிட்டால், கொஞ்சம் பேர் ஆடினால், நிரம்பிவிட்டால்.

பழைய_ஊசி:
அந்த நாலையும் விட்டிருக்கலாம். சரி, பரவாயில்லை.

கோவை_128:
வரும் நண்பர்களிடம் 9:40 குத்து என்று சொல்லியிருப்பீர்களே, அவர்களுக்கு என்ன பதில்? அவர்கள் வருவார்கள் என்பதால்தான் கிளப் உங்களுக்கு இந்த இடமே கொடுத்தது. ரெசிடென்டுக்குப் பயந்து சொந்தக் கூட்டத்தை ஏமாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரே ஒரு குத்து, 9:50க்கு. அதிலிருந்து ஹவுஸின் 4/4 தாளத்துக்குத் திரும்ப தாளம் மட்டும் உள்ள ஒரு டிராக்கைக் கையில் வைத்திருங்கள்.

லேட்நைட்_ரெசிடென்ட்:
அவர்களை 11 மணி வரை இருக்கச் சொல்லுங்கள், அந்த ரெசிடென்டே போடுவார். 10 மணிக்கு உங்கள் கடைசிப் பாட்டை ஓடவிட்டு நில்லுங்கள். அவருடைய பாட்டு முழுசாக ஏறும்வரை உங்கள் பென்டிரைவை உருவாதீர்கள்.

புது_கன்சோல்:
கடைசிக் கேள்வி. யாராவது போனை முகத்துக்கு நேராக நீட்டி, இன்று என் பிறந்தநாள், இந்தப் பாட்டு வேண்டும் என்றால்?

லேட்நைட்_ரெசிடென்ட்:
சிரித்து வாழ்த்துச் சொல்லுங்கள். போனை மட்டும் கையில் வாங்காதீர்கள், வாங்கினால் ஒப்புக்கொண்ட மாதிரி. அடுத்த டிஜே போடுவார் என்று சொல்லி அனுப்புங்கள்.

மிக்சர்_பொட்டலம்:
அடுத்த டிஜே இதைப் படித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வார்?

லேட்நைட்_ரெசிடென்ட்:
மேனேஜரிடம் அனுப்புவார்.