மெரினாவில் கன்னியாஸ்திரிகள் நடந்தது 5 கிலோமீட்டரா?

தராசு முள் (இழையைத் தொடங்கியவர்):
காலையிலிருந்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே படம். வெள்ளைச் சேலை, சாம்பல் சேலை, கையில் பதாகை, பின்னால் கடல். கீழே வாசகம்: "உலகப் பசிக்கு எதிராக 5 கி.மீ. நடந்த அருட்சகோதரிகள். தமிழகத்துக்கே முன்னுதாரணம்." உலக உணவு நாளுக்காக உழைப்பாளர் சிலையில் கிளம்பி கலங்கரை விளக்கத்தில் முடித்தார்களாம்.

முன்னுதாரணமா? 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது, தியாகராயர் காலத்தில். 1956-ல் காமராஜர். 1982-ல் எம்.ஜி.ஆர். 1989-ல் தட்டில் முட்டை வைத்தவர் கலைஞர். 2022-ல் காலை உணவு. இந்த ஊருக்குப் பசியைப் பற்றிப் பதாகை பிடித்துப் பாடம் எடுக்கிறார்கள்.

அதை விடுங்கள். 5 கி.மீ. என்று எந்தக் கணக்கில் போட்டார்கள்? அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் மூன்று கி.மீ.கூட முழுசாக இல்லை. மேப்பைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ராயபுரம் ரீட்டா:
வந்துட்டார்யா நாட்டாமை. ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு எழுந்து பூசை பாத்துட்டு, வெயில்ல நடந்திருக்காங்க. அதுல அறுபது தாண்டின சிஸ்டருங்க பாதிப் பேர். நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து மேப்புல விரல் வச்சு அளந்துட்டு இருக்கீங்க. நடந்தாங்களா இல்லையா? அதான் கேள்வி.

தராசு முள்:
நடந்தார்கள். 5 கி.மீ. நடக்கவில்லை. அதுதான் கேள்வி.

நடைராஜா:
சார், நானும் தினமும் அங்க தான் வாக்கிங். மேப்புல நேர்க்கோடு போட்டா 2.8 வரும், சரி. ஆனா காந்தி சிலை பக்கம் மெட்ரோ வேலை நடக்குது, தகரம் அடிச்சு மறிச்சிருக்காங்க. காந்தியையே இடம் மாத்திட்டாங்க, நாம எம்மாத்திரம். சுத்திட்டுப் போனா என் வாட்ச்ல 3.4 காட்டுது.

தராசு முள்:
மிக்க நன்றி தம்பி. உங்கள் வாட்ச்சே என் பக்கம் சாட்சி. 3.4 என்பது 5 இல்லை.

நடைராஜா:
சார் நான் உங்க பக்கம் இல்ல. தகவல் சொன்னேன், அவ்ளோதான்.

பெரம்பூர் பையன்:
மணல்ல நடந்தாங்களா பிளாட்பாரத்துல நடந்தாங்களான்னு முதல்ல சொல்லுங்க. மணல்ல ஒரு கிலோமீட்டர் நடந்தா ரோட்டுல ரெண்டு நடந்த மாதிரி. எங்க கோச் அப்படித்தான் சொல்வார்.

தராசு முள்:
படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சேலை ஓரத்துக்குக் கீழே கான்வாஸ் ஷூ, அதற்குக் கீழே சிமென்ட் பலகை. மணல் இல்லை. உங்கள் கோச்சை நான் மதிக்கிறேன், ஆனால் அவர் கணக்கு இங்கே செல்லாது.

ராயபுரம் ரீட்டா:
அய்யோ ஷூவெல்லாம் உத்து உத்துப் பாத்திருக்கார். ஏன் சார், உங்களுக்கு என்ன நஷ்டம்? உங்க வீட்டு அரிசியைத் தூக்கிட்டுப் போனாங்களா?

தராசு முள்:
கேட்டீர்களே, சொல்கிறேன். நான் வெளியாள் இல்லை. எதிர்வீட்டுப் பெண் எட்டாவது படிக்கிறாள். அந்த சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி, பெயர் வேண்டாம். இந்த நடைக்கு நிதி திரட்ட ஒரு மஞ்சள் அட்டையோடு வந்தாள். மூன்று கட்டம்: பெயர், கி.மீ.க்கு எவ்வளவு, கையெழுத்து. நான் கி.மீ.க்கு 50 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முடித்துவிட்டு வந்து "அங்கிள், அஞ்சு கிலோமீட்டர், 250 ரூபாய்" என்றாள். கொடுத்தேன். தாராளமாக 3 என்றே வைத்துக்கொண்டாலும் 150. மீதி 100 எங்கே? பசியைக் காட்டி அளவில் கை வைக்கலாமா? கடைக்காரன் செய்தால் எடைக்கல்லைப் பிடுங்குவோம்.

லஸ் கார்னர்:
நூறு ரூபாய்க்கா இந்தக் கூத்து!!!

தராசு முள்:
நூறு ரூபாய்க்கு இல்லை. அஞ்சு என்று எழுதினால் அஞ்சு நடக்க வேண்டும்.

லஸ் கார்னர்:
அம்மா உணவகத்தில் அந்த நூறுக்கு நூறு இட்லி சார். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

ராயபுரம் ரீட்டா:
எங்க சிஸ்டரைத் திருடின்னு சொல்றீங்க, அப்படித்தானே? நான் அவங்க கிட்ட படிச்சவ. அப்பா ஹார்பர்ல கூலி. பீஸ் கட்ட முடியாத மாசம் எத்தனையோ. ஒரு நாள்கூட வெளிய நிக்க வச்சதில்ல. மத்தியானம் டப்பா கொண்டு வராத பிள்ளைங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, "நோட்டை எடுத்துட்டு ஆபீசுக்கு வா"ம்பாங்க. போனா அங்க சோறு இருக்கும். வகுப்புல ஒருத்திக்கும் தெரியாது. இதை எந்த மேப்புல அளப்பீங்க?

தராசு முள்:
நல்ல விஷயம், வணக்கம். அது அன்றைக்கு. நான் கேட்பது இன்றைக்கு. 5 இல்லை.

அப்புறம் இன்னொன்று. திரும்பி வந்ததையும் சேர்த்தால் 5 தாண்டும் என்று யாரோ வருவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு வேன் நின்றது. நான் கண்ணால் பார்த்தேன்.

ராயபுரம் ரீட்டா:
அப்ப ஃபேனுக்குக் கீழ இல்ல, அங்கயே போய் ஒளிஞ்சு நின்னு பாத்திருக்கீங்க! வேன்ல ஏறினது மூட்டு வலிக்காரங்க. மத்தவங்க எங்க சர்ச் ஆளுங்களோட பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாங்க.

தராசு முள்:
நான் ஒளியவில்லை. மீன் வாங்கப் போனேன்.

நடைராஜா:
ஞாயித்துக்கிழமை நொச்சிக்குப்பத்துல மீன் நல்லா இருக்கும் சார். வஞ்சிரம் என்ன விலை போகுது இப்ப?

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் உணர்ச்சிவசப்படுவதால் ஒரு கேள்வி மட்டும். ரசீது கொடுத்தார்களா? நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பிரிவின் பதிவு எண் அதில் இருக்கிறதா? 250 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்கலாம், 2000 வரை ரொக்கத்துக்கு வரிச்சலுகை உண்டு. ரசீது இல்லாமல் இங்கே புலம்பிப் பயன் இல்லை.

தராசு முள்:
ரசீதா? பென்சிலால் அட்டையில் ஒரு டிக். அவ்வளவுதான். வெளிநாட்டுப் பணம் வேறு வரும், அதற்கெல்லாம் என்ன ரசீதோ.

கணக்குப்பிள்ளை:
குழப்பாதீர்கள். உள்ளூர்க்காரர் ரூபாயில் கொடுத்ததற்கும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. வெளிநாட்டுப் பணம் என்றால் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஸ்டேட் வங்கியின் டெல்லி முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, முன்பு 50 இருந்தது. அன்னை தெரசாவின் சபைக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்று வெளிநாட்டுப் பணம் வாங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, ஜனவரியில் திருப்பிக் கொடுத்தார்கள். நினைத்தவன் நினைத்தபடி பணம் வாங்கும் காலம் போய்விட்டது.

பெரம்பூர் பையன்:
அதே சிஸ்டருங்க எய்டட் ஸ்கூல்ல சம்பளம் வாங்கிட்டு வரி கட்ட மாட்டோம்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்களே, அதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க?

கணக்குப்பிள்ளை:
2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சம்பளத்திலேயே வரி (டிடிஎஸ்) பிடிக்கலாம் என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. முடிந்துபோன விஷயம்.

ராயபுரம் ரீட்டா:
முடிஞ்சு போச்சுன்னு ஈசியா சொல்லிட்டீங்க. அந்தச் சம்பளம் அவங்க கையில நிக்கறதே இல்ல தம்பி. சொந்தமா எதையும் வச்சுக்க மாட்டோம்னு ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்தவங்க. மொத்தமும் மடத்துக்குப் போகுது. செருப்பு அறுந்தா புதுசுக்கு மதர் கிட்ட போய்க் கேக்கணும். நம்ம வீட்டுல எட்டாவது படிக்கிறதுகூட அப்படிக் கேக்காது.

பெரம்பூர் பையன்:
கோர்ட் அதைத்தானே அக்கா கேட்டுச்சு. சம்பளம் உங்க பேர்ல வருது, அப்புறம் நீங்க யாருக்குக் குடுத்தா என்ன. நானும் என் சம்பளத்தை மொத்தமா எங்கம்மா கிட்ட குடுக்கறேன். வரியை விட்டுடுவாங்களா?

ராயபுரம் ரீட்டா:
உங்கம்மா அதுல எத்தனை அநாதைப் பிள்ளைங்களை வளக்கறாங்க?

தராசு முள்:
அந்த வரி வழக்கு வேறு, இது வேறு. திசை திருப்பாதீர்கள். 3.4. எழுதியது 5.

வடலூர் பித்தன்:
அன்பர்களுக்கு வணக்கம். இழையைத் தொடங்கியவர் 1920 என்று ஆரம்பித்தார். வருந்துகிறேன். 1867 மே மாதம் வடலூரில் வள்ளல் பெருமான் தருமச்சாலை திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி, மதம், ஊர் கேட்காமல் மூன்று வேளையும் சோறு. பதாகை இல்லை, மஞ்சள் அட்டை இல்லை. பசிப்பிணி நீக்கியவர்களின் பட்டியலில் பெருமானை விட்டுவிட்டு அரசியல்வாதிகளை அடுக்கியது ஏன்?

தராசு முள்:
ஐயா, நான் அரசுத் திட்டங்களைச் சொன்னேன். வள்ளலார் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர் 5 என்று எழுதிவிட்டு 3 நடந்தவர் இல்லை.

லஸ் கார்னர்:
அப்படிப் பார்த்தால் காஞ்சிப் பெரியவரின் பிடி அரிசித் திட்டத்தையும் சொல்ல வேண்டும். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைப்பது. மயிலாப்பூரில் எங்கள் பாட்டி செய்தாள். எந்தப் பேப்பரிலும் படம் வந்ததில்லை.

ராயபுரம் ரீட்டா:
பிடி அரிசி உங்க பாட்டிக்கு மட்டும் சொந்தமா? எங்க பாட்டியும் தவக்காலம் முழுக்க அடுப்படியில தனி டப்பா வச்சிருந்தா. கேரளாவுல சாவறா அச்சன்னு ஒரு ஃபாதர் பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே அதை வச்சு ஏழைப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல சோறு போட்டார்.

லஸ் கார்னர்:
ஆரம்பித்துவிட்டீர்களா, எல்லாம் எங்களிடமிருந்துதான் வந்தது என்று!

ராயபுரம் ரீட்டா:
நீங்க ஆரம்பிச்சீங்க, நான் முடிச்சேன்.

வடலூர் பித்தன்:
வடலூரில் 1867. மீண்டும் பதிவு செய்கிறேன்.

அமெரிக்கா வாழ் அண்ணாநகர்க்காரன்:
நான் இங்கே ஒஹாயோவில் இருக்கிறேன். இப்படி நடப்பது இங்கே பழைய வழக்கம். 1969-ல் வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகரில் ஆயிரம் பேர் நடந்து நிதி திரட்டினார்கள். அதே ஆண்டில் பாஸ்டனிலும் ஒரு நடை தொடங்கியது. இன்றைக்கும் ஊர் ஊராகத் தேவாலயங்கள் சேர்ந்து நடத்துகின்றன, கத்தோலிக்க சிஸ்டர்களும் வருவார்கள். பிஸ்மார்க் வழியில் வந்த நடையில் சேரும் பணத்தில் கால் பங்கு வரை உள்ளூரிலேயே நிற்கும், மீதி உலகம் முழுக்கப் போகும். உணவும் தண்ணீரும் இல்லாதவர்கள் மைல் கணக்கில் நடக்கிறார்கள், அதனால் நாமும் நடப்போம் என்பதுதான் எண்ணம். யாரும் டேப் வைத்து அளப்பதில்லை.

தராசு முள்:
ஒஹாயோவில் அளக்காமல் இருக்கலாம் சார், அங்கே வசதி இருக்கிறது. நீங்களே சொல்கிறீர்கள், கால் பங்கு உள்ளூருக்கு என்று. இங்கே எவ்வளவு உள்ளூருக்கு? அட்டையில் அந்தக் கட்டம் இருந்ததா? இல்லை. இருந்ததெல்லாம் கி.மீ. கட்டம்தான், அதுவும் தப்பு. இதைத்தான் மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், காதில் விழவில்லையா?

பெரம்பூர் பையன்:
அஞ்சாவது முறை சார்.

லஸ் கார்னர்:
எல்லாம் சரி, எதற்கு "உலக"ப் பசி? உலகப் பசிக் குறியீட்டில் 2024-ல் 127 நாட்டில் நாம் 105. பக்கத்துத் தெருவுக்கு நடந்தால் போதாதா?

கணக்குப்பிள்ளை:
அந்தக் குறியீட்டை அரசே ஏற்கவில்லை. நான்கு அளவுகோலில் மூன்று, குழந்தைகளின் உயரம், எடை, இறப்பு பற்றியவை. மொத்த மக்களின் பசியை அதில் எப்படி அளப்பது என்பதுதான் வாதம்.

லஸ் கார்னர்:
குழந்தைக்கு எடை ஏறாதது பசியால் இல்லாமல் பின்னே ஏகாதசி விரதத்தாலா?

கணக்குப்பிள்ளை:
நான் அரசின் வாதத்தைச் சொன்னேன். என் வாதம் என்று சொல்லவில்லை.

ராயபுரம் ரீட்டா:
67 கோடி பேருக்கு மேல பட்டினின்னு ஐ.நா. அறிக்கை சொல்லுது, 2024 கணக்கு. அதுல ஒருத்தருக்குக் கூட இங்க இடம் இல்ல, மூணரையா அஞ்சான்னு மட்டும் பேசறோம். தராசு சார், உங்க நூறு ரூபாயை நான் தரேன். கூகுள் பே நம்பரை இன்பாக்ஸ்ல போடுங்க. வாயை மூடுவீங்களா?

தராசு முள்:
உங்கள் பணம் எனக்கு எதற்கு? தப்பாக எழுதியவர்கள் தர வேண்டும். கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

மட்டுறுத்துநர்:
ஆளைத் தாக்காமல் கருத்தைப் பேசவும். தெருநாய் இழைக்கு நேர்ந்த கதி நினைவிருக்கட்டும். மீன் விலைப் பதிவுகள் நீக்கப்பட்டன.

நடைராஜா:
ஒரே ஒரு பதிவு தான் போட்டேன் அண்ணே :(

ராயபுரம் ரீட்டா:
கொள்கையாம். இவர் கொள்கை எங்களுக்குத் தெரியாதா? இவரோட பிளாட் சங்கத்துல இவர்தான் பொருளாளர். எங்க சித்தி அங்கதான் குடியிருக்காங்க. மொட்டைமாடி தண்ணித் தொட்டி மாத்தினதுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணாரு. எத்தனை லிட்டர் தொட்டின்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. அதை யார் அளக்கறது?

தராசு முள்:
இதுதான் இவர்களின் வழக்கம். 3.4 பற்றிக் கேட்டால் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்குப் பொதுக்குழுவில் ஒப்புதல் இருக்கிறது, பில் இருக்கிறது. உங்கள் சித்தி அன்றைக்குக் கூட்டத்துக்கே வரவில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ராயபுரம் ரீட்டா:
கூட்டம் எத்தனை மணிக்குன்னு போட்டீங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க? அதையும் சொல்லுங்களேன்.

தராசு முள்:
நோட்டீசில் ஆறு மணி. ஆறரைக்கு ஆரம்பித்தோம். மின்வெட்டு.

பெரம்பூர் பையன்:
ஆறுன்னு எழுதினா ஆறுக்கு ஆரம்பிக்கணும் சார் 😀

தராசு முள்:
அது மின்வாரியத்தின் தவறு. பில்லை வேண்டுமானால் ஸ்கேன் செய்து இங்கேயே போடுகிறேன், எனக்குப் பயம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
போடுங்கள். ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பார்க்கலாம்.